பென்சிலுக்கு முன்னால் புளியங்கொட்டை

எல்.கே.ஜி. சேர்ந்த இரண்டாம் மாதமே வீட்டுப்பாட நோட்டு வந்துவிடும். '1 முதல் 50 வரை எழுதவும்', 'அ ஒரு பக்கம், ஆ ஒரு பக்கம்'. பிள்ளைக்கு மூன்றரை வயது. பென்சிலை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்திருக்கும். பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ அந்தக் கையின்மேல் தன் கையை வைத்து எழுதிக்கொண்டிருப்பார். நோட்டு நிறைந்துவிடும், 'குட்' கிடைத்துவிடும். அதே பிள்ளையிடம் "நாலு பிஸ்கட் எடுத்துட்டு வா கண்ணு" என்று சொல்லிப் பாருங்கள். கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு வரும்.

புதிதாகப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கும் பெற்றோருக்கும், அங்கன்வாடியிலோ மழலையர் வகுப்பிலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். 3 முதல் 6 வயது வரை எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லும் வரிசையில் முதலில் பொருள், பிறகு வாய், பிறகு கை. நோட்டும் பென்சிலும் கடைசி. எண்ணிக்கை புரியாமல் எண்ணை எழுதுவதும், விரல் தயாராகாமல் எழுத்தை எழுதுவதும் இரண்டு பேருக்கும் வீண் வேலை.

கடையில் எதுவும் வாங்க வேண்டாம். ஒரு டப்பா புளியங்கொட்டை, கொஞ்சம் சோழி, சட்டைப் பொத்தான், தென்னங்குச்சி, ரப்பர் பேண்டு, ஒரு தாம்பாளம், ஆற்று மணலோ ரவையோ ஒரு படி, கல் சிலேட்டு ஒன்று, கலர் சாக்பீஸ். இவ்வளவுதான். ஒரு எச்சரிக்கை: மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பக்கத்தில் இருந்தால் கொட்டையெல்லாம் மூக்குக்கும் காதுக்கும் வாய்க்கும் போகும், கண் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குன்றிமணி வேண்டவே வேண்டாம். பார்க்க அழகு, ஆனால் கடித்து உடைத்தால் கடும் விஷம்.

எண்ணுவது வேறு, ஒப்பிப்பது வேறு

மூன்று வயதில் பல பிள்ளைகள் பத்து வரை சொல்லிவிடும். பாட்டு மாதிரி வாயில் வந்துவிடும், அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அது எண்ணுவது ஆகாது. எண்ணுவதற்கு மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கூடி வரவேண்டும். சொற்கள் எப்போதும் ஒரே வரிசையில் வரவேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு சொல், எதையும் விடாமல், எதையும் இரண்டு தடவை தொடாமல். கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தம் என்று தெரியவேண்டும். ரோச்செல் கெல்மன், சார்ல்ஸ் கலிஸ்டல் என்ற இரு உளவியலாளர்கள் 1978ல் இவற்றைத் தெளிவாகப் பிரித்து எழுதினார்கள். சின்னப் பிள்ளைகளின் கணக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

மூன்றாவது விஷயம்தான் தாமதமாக வரும். இப்படிச் சோதித்துப் பாருங்கள். ஐந்து கொட்டையை வரிசையாக வைத்து "எத்தனை இருக்கு?" என்று கேளுங்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று தொட்டு எண்ணும். "சரி, எத்தனை இருக்கு?" என்று மறுபடி கேளுங்கள். மறுபடி "ஒண்ணு, ரெண்டு" என்று முதலில் இருந்து தொடங்கினால், 'எத்தனை' என்ற கேள்விக்குப் பதில் எண்ணிக் காட்டுவது என்றே அது நினைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். திட்ட வேண்டாம், திருத்தவும் வேண்டாம். நீங்கள் எண்ணும்போது கடைசிச் சொல்லில் கையால் மொத்தத்தையும் வளைத்துக் காட்டி "அஞ்சு! அஞ்சு கொட்டை" என்று முடியுங்கள். தினமும் இப்படிக் கேட்டுக் கேட்டே பிடித்துக்கொள்ளும்.

இதைவிட நல்ல சோதனை, எடுத்துத் தரச் சொல்வது. டப்பாவை நடுவில் வைத்து "எனக்கு ஒண்ணு குடு", "ரெண்டு குடு" என்று கேளுங்கள். இரண்டு சரியாகத் தரும் பிள்ளை மூன்று கேட்டால் ஒரு கை அள்ளித் தரலாம். அப்படியென்றால் அதற்கு இப்போதைக்கு இரண்டுதான் தெரியும், வாயில் இருபது வரை சொன்னாலும் சரி. அடுத்த பாடம் மூன்று. ஒன்றில் இருந்து இரண்டு, இரண்டில் இருந்து மூன்று என்று ஒவ்வொரு படிக்கும் சில வாரங்களோ மாதங்களோகூட ஆகும். நாலு வரை வந்துவிட்டால் பிறகு திடீரென்று ஏழு, எட்டு எல்லாம் சேர்ந்தே வந்துவிடுவதைப் பார்க்கலாம்.

பயிற்சிக்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் தட்டு வைக்கச் சொல்லுங்கள்: "தாத்தாவுக்கு ஒண்ணு, பாட்டிக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணு." ஆளுக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு தம்ளர். இட்லிக்குக் குழித்தட்டை நிரப்பும்போது எத்தனை குழி என்று கேளுங்கள். மாடிப்படி ஏறும்போது படிக்கு ஒரு எண். இறங்கும்போது பின்னோக்கி எண்ணலாம். ராக்கெட் விடுவதுபோல் பத்தில் இருந்து கீழே வந்து "பூஜ்யம்" என்றதும் குதிக்கச் சொன்னால் பூஜ்யமும் சேர்ந்து வரும். பூஜ்யத்தை வெறும் வட்டமாக எழுதக் கற்றுத்தருவதைவிட, கடைசி முறுக்கைத் தின்று முடித்த தட்டைக் காட்டி "இப்ப எத்தனை?" என்று கேட்பது நல்ல பாடம்.

இன்னொரு சின்ன விஷயம். ஐந்து கொட்டையை நெருக்கி வைத்து எண்ணச் சொல்லிவிட்டு, பிள்ளையின் கண்முன்னே பரப்பி வையுங்கள். "இப்ப நிறைய இருக்கா?" என்றால் நாலு வயதுப் பிள்ளை "ஆமா, நிறைய" என்று சொல்லும். இதை வாதாடி மாற்ற முடியாது. இன்னும் ஓரிரு வருடத்தில் அதுவே சிரிக்கும்.

பார்த்ததும் சொல்வது

தாயக்கட்டை, பகடை, பல்லாங்குழி விளையாடியவர்களுக்கு இது தெரியும். மூன்று சோழி விழுந்தால் யாரும் எண்ணுவதில்லை, பார்த்ததுமே மூன்று. ஒன்று முதல் மூன்று, நான்கு வரை மனிதக் கண்ணுக்கு இந்தத் திறமை உண்டு. அதற்கு மேலே போனால் கூட்டமாகப் பிரித்துப் பார்க்கிறோம். பகடையின் ஆறு, மூன்றும் மூன்றும். இந்தப் பிரித்துப் பார்ப்பதுதான் பின்னால் கூட்டல் கழித்தல் ஆகிறது.

உள்ளங்கையில் சில கொட்டைகளை வைத்து ஒரு நொடி திறந்து காட்டி மூடுங்கள். "எத்தனை பாத்தே?" பிள்ளைகளுக்கு இது மந்திர வித்தை மாதிரி இருக்கும், விடாமல் கேட்பார்கள். நாலு வரை சுலபமாக வந்த பிறகு ஐந்தை உங்கள் கையாகக் காட்டுங்கள். ஒரு கை ஐந்து. ஒரு கையும் இரண்டு விரலும் ஏழு. அப்புறம் தரையில் சாக்பீஸால் மேலே ஐந்து, கீழே ஐந்து என்று பத்துக் கட்டம் போட்டு, கொட்டைகளை இடமிருந்து அடுக்கச் சொல்லுங்கள். எட்டு வைத்தால் மேல் வரிசை நிறைந்து கீழே மூன்று இருக்கும், இரண்டு கட்டம் காலியாக இருக்கும். 'எட்டு' என்பது ஐந்தும் மூன்றும், பத்துக்கு இரண்டு குறைவு என்பதை அந்தக் கட்டமே சொல்லிவிடும். நீங்கள் விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம்.

பல்லாங்குழி வீட்டில் இருந்தால் எடுங்கள். இரண்டு வரிசையில் பதினாலு குழி, ஒவ்வொன்றிலும் ஒரு முத்தாகப் போட்டுக்கொண்டே போகவேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு இடம் என்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. காசி, பசு என்று விதிகளெல்லாம் வேண்டாம், சும்மா போட்டுக்கொண்டு போகட்டும். முத்தை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து எடுப்பதில் பென்சில் பிடியும் சேர்ந்து வளர்கிறது.

பாம்பும் ஏணியும் விளையாடும்போது ஒரு மாற்றம் செய்யுங்கள். 23ல் காய் நிற்கிறது, பகடையில் மூன்று. நாம் வழக்கமாக "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நகர்த்துவோம். அதற்குப் பதிலாகக் கட்டத்தில் இருக்கும் எண்ணைச் சொல்லி நகர்த்துங்கள்: "இருபத்து நாலு, இருபத்து அஞ்சு, இருபத்து ஆறு." கீதா ராமானியும் ராபர்ட் சீக்லரும் 2008ல் வெளியிட்ட ஆய்வில், 1 முதல் 10 வரை நேர்க்கோட்டில் எண் போட்ட எளிய பலகையில் விளையாடிய ஏழைக் குடும்பத்துப் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு எண்களின் அளவு பற்றிய புரிதல் நன்றாகக் கூடியது. வெறும் நிறங்கள் போட்ட பலகையில் விளையாடியவர்களுக்கு அப்படி நடக்கவில்லை. சின்னப் பிள்ளைக்கு நூறு கட்டம் அதிகம். வாசலில் சாக்பீஸால் நேராகப் பத்துக் கட்டம் போட்டு, பிள்ளையையே காயாக நடக்க வைக்கலாம்.

எண்ணுருவும் பத்துக்கு மேலும்

எண்ணிக்கை ஐந்து வரை நன்றாக வந்த பிறகு எண்ணுருவைக் காட்டுங்கள். எழுதச் சொல்ல வேண்டாம், அடையாளம் கண்டால் போதும். பழைய காலண்டர் தாள்களில் இருந்து பெரிய எண்களைக் கத்தரித்து அட்டையில் ஒட்டுங்கள். தினசரிக் காலண்டரில் தேதி கொட்டை எழுத்தில் இருக்கும், இதற்கு அருமையான பொருள். அட்டைக்கு எதிரே அத்தனை கொட்டை வைக்கவேண்டும். பஸ் நம்பர், வீட்டு நம்பர், லிஃப்ட் பொத்தான் எல்லாம் இந்தக் கட்டத்தில் பாடம்தான்.

பத்தைத் தாண்டும்போது தமிழில் ஒரு வசதி இருக்கிறது. பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும், இருபத்து மூன்று என்றால் இரண்டு பத்தும் மூன்றும் என்று சொல்லிலேயே தெரிகிறது. ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் என்று பாதையே தெரியாது. தர்ட்டீன், தர்ட்டி குழப்பமும் உண்டு. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கும் வீட்டில் முதலில் தமிழில் எண்ணச் சொல்லுங்கள் என்றே நான் சொல்வேன். தமிழிலும் தடுக்கும் இடம் உண்டு. 29க்குப் பிறகு "இருபத்துப் பத்து" என்று சொல்லும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், அது விதியைச் சரியாகப் பிடித்துவிட்டது. எண்பத்தொன்பதுக்கு அடுத்து தொண்ணூறு வருவதும் பலருக்கு இடறும். அது மட்டும் சொல்லிச் சொல்லித்தான் வரும்.

தென்னங்குச்சியை விரல் நீளத்துக்கு ஒடித்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து சேர்ந்ததும் ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டு. இருபத்து மூன்று என்றால் இரண்டு கட்டும் மூன்று குச்சியும். இதைச் செய்யாமல் எழுத வைத்தால் 23 என்பதை 203 என்று எழுதும். இருபது, மூன்று என்று காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறது, அவ்வளவுதான். சிவப்பு மையில் அடித்துவிட்டுப் போவதைவிட, அதன் முன்னே இரண்டு கட்டையும் மூன்று குச்சியையும் வையுங்கள்.

தமிழ்நாடு அரசுப் பள்ளிகளில் 2022ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வாரியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறது. எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்க்காமல், எது வரை தெரியும் என்று பார்ப்பதுதான் அதன் அடிப்படை. வீட்டிலும் அதேதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை எது வரை எழுதுகிறது என்பது நமக்கு வேண்டாத கணக்கு.

கையைத் தயார் செய்வது

கோடு போடும் திறமை வயதோடு ஒரு வரிசையில் வரும். சுமாராக இரண்டு வயதில் செங்குத்துக் கோடு, மூன்று வயதில் வட்டம், நாலு வயதில் கூட்டல் குறி, நாலரை ஐந்து வயதில் சதுரம், ஐந்தில் முக்கோணம். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். இப்போது 'அ' எழுத்தைப் பாருங்கள். ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு படுக்கைக் கோடு, ஒரு நெடுங்கோடு, எல்லாம் சரியான இடத்தில் சேரவேண்டும். 'க' எழுத ஒன்றை ஒன்று வெட்டும் கோடு வேண்டும். கூட்டல் குறியே போட வராத கைக்கு இவை இரண்டும் மலை. அகரவரிசை நாவுக்கும் காதுக்கும் ஏற்ற வரிசை, கைக்கு ஏற்ற வரிசை அல்ல.

ஆகவே முதல் சில மாதம் எழுத்து கிடையாது, வேலைதான். முருங்கைக்கீரை உருவுவது, பட்டாணி உரிப்பது, சப்பாத்தி மாவு உருட்டுவது, துணிக்குக் கிளிப் போடுவது, பூக் கோர்ப்பது, பழைய பேப்பரைக் கிழித்து உருட்டுவது. வீட்டு வேலையில் பிள்ளை குறுக்கே வந்தால் விரட்டாதீர்கள், ஒரு கீரைக் கட்டைக் கொடுத்து உட்கார வையுங்கள். சுவரில் சாக்பீஸால் கிறுக்கவும் ஒரு இடம் விடுங்கள். நிமிர்ந்த பரப்பில் எழுதும்போது தோளும் மணிக்கட்டும் வலுப்படும். மொட்டை மாடிச் சுவரில் தண்ணீரும் பெயிண்ட் பிரஷ்ஷும் கொடுத்தால் வெயில் காயவைத்துவிடும், வீட்டுக்காரரும் ஒன்றும் சொல்லமாட்டார்.

எண்ணும் கையும் சேர்ந்து வளர வாசல் கோலத்தைவிடப் பொருத்தமான பள்ளிக்கூடம் இல்லை. முதலில் மூன்று புள்ளி, மூன்று வரிசை. புள்ளி வைக்கும்போதே எண்ணிக்கொண்டே வைக்கட்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாவைச் சிட்டிகை பிடித்து விடுவது பென்சில் பிடிக்கு நேர் பயிற்சி. முதலில் வராது, மாவு கொட்டும். சாக்பீஸில் தொடங்கி, வளைவும் புள்ளியைச் சுற்றுவதும் பழகிய பிறகு மாவுக்கு மாறலாம். அப்புறம் இடைப்புள்ளி: நடுவில் மூன்று, மேலே இரண்டு, கீழே இரண்டு, மொத்தம் ஏழு. நடுவில் ஐந்து வைத்து நேர்ப்புள்ளி ஒன்றில் முடித்தால் 1, 3, 5, 3, 1. "மொத்தம் எத்தனை?" என்று கேட்டு விட்டுவிடுங்கள். ஆறு வயதுப் பிள்ளை உட்கார்ந்து எண்ணிப் பதிமூன்று சொல்லும். பையனாக இருந்தால் கோலம் வேண்டாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

மணல், உப்புத்தாள், சிலேட்டு

எழுத்தின் வடிவம் முதலில் விரலுக்குத் தெரியவேண்டும். தாம்பாளத்தில் மணலோ ரவையோ மெல்லிசாகப் பரப்பி, ஆள்காட்டி விரலால் எழுத வையுங்கள். தவறினால் தட்டை ஆட்டினால் போதும், அழிரப்பர் வேண்டாம், அடித்தல் திருத்தல் கண்ணில் படாது. விஜயதசமி அன்று அரிசியில் எழுத வைக்கிறோமே, அதையே அன்று ஒருநாளோடு நிறுத்தாமல் இருந்தால் சரி. நம் திண்ணைப் பள்ளிகள் மணலில்தான் எழுத வைத்தன. 1789ல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், இங்கே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். அது, பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அவருடைய 'மெட்ராஸ் முறை'யின் பகுதியாக இங்கிலாந்துப் பள்ளிகளுக்கே போனது.

இன்னொன்று உப்புத்தாள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மெல்லிய உப்புத்தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டுங்கள். பிள்ளை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து அதன்மேல் ஓட்டி, கூடவே ஒலியைச் சொல்லவேண்டும். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் பரப்பிய முறை இது. அவர் 1939ல் சென்னை அடையாறுக்கு ஆசிரியர் பயிற்சி தர வந்தவர், போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கிவிட்டார், இடையில் கொடைக்கானலிலும் இருந்தார். அவர் பெயரைப் பலகையில் போட்டுக்கொண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு நாலுகோடு நோட்டு கொடுக்கும் பள்ளிகள் நம் ஊரில் ஏராளம், அது தனிக் கதை.

அடுத்தது சிலேட்டு. பிளாஸ்டிக் சிலேட்டு வழுக்கும், கல் சிலேட்டில் பலப்பம் உரசும்போது விரலுக்குக் கோடு தெரியும். பலப்பத்தைப் பிள்ளை அவ்வப்போது கடிப்பது வழக்கம். விடாமல் பலப்பம், சாக்பீஸ், மண் என்று தின்றுகொண்டே இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

பிடி பற்றிக் கொஞ்சம். மூன்று வயதில் முழுக்கைப் பிடி இயல்பு. நாலிலிருந்து ஆறு வயதுக்குள் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளால் பிடித்து நடுவிரலில் சாய்க்கும் பிடி வரும். வரவழைக்கச் சுலபமான வழி, பொருளைச் சின்னதாக்குவது. கிரேயானையும் பலப்பத்தையும் இரண்டு விரல்கடை நீளத்துக்கு உடைத்துக் கொடுங்கள், முழுக்கையால் பிடிக்கவே முடியாது. மோதிர விரலும் சுண்டு விரலும் நீட்டிக்கொண்டு நின்றால், ஒரு சின்னப் பேப்பர் உருண்டையை அந்த இரண்டு விரலுக்குள் மடக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். புதுப் பென்சிலை நீளமாகக் கொடுப்பதைவிட, மூத்த பிள்ளை எழுதித் தேய்ந்த குட்டைப் பென்சில் நல்லது.

எந்த எழுத்து முதலில்?

'ட' முதலில். மேலிருந்து கீழே, அப்படியே வலப்பக்கம். முடிந்தது. அதற்கு வலப்பக்கம் ஒரு கால் மேலே ஏற்றினால் 'ப'. அந்தக் கால் மேலே போய் உள்பக்கம் வளைந்து இறங்கினால் 'ம'. மூன்றும் கையை எடுக்காமல் எழுதக்கூடியவை. இந்த மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் தெரிந்தாலே படம், மடம், பட்டம், மட்டம், பப்படம் என்று சொற்கள் வந்துவிடும். முதல் மாதத்திலேயே பிள்ளை பொருளுள்ள ஒரு சொல்லைத் தானாக எழுதிப் படிக்கிறது. அப்பளத்தைப் பார்த்து 'பப்படம்' என்று சிலேட்டில் எழுதிய பிள்ளையின் முகத்தை நீங்களே பார்க்கவேண்டும்.

அடுத்து எழுத்தை விட்டுத் துணைக்காலுக்குப் போங்கள். பாப்பா, மாமா, பாடம், மாடம். பிறகு மேலே படுக்கைக் கோடு உள்ள க, த, ச: தாத்தா, காகம், பாதம், சட்டம். இந்தக் கட்டத்தில் 'அ' சேர்ந்தால் அம்மா, அப்பா, அக்கா என்று வீட்டில் பாதிப் பேர் சிலேட்டுக்கு வந்துவிடுவார்கள். அப்புறம் ர, ய, வ, ல, ன. இரண்டு சுழி, மூன்று சுழி வித்தியாசம் காட்டி 'ண'. வளைவு கூடிய இ, ஓ, ஐ எல்லாம் பின்னால். ல, ள, ழ வேறுபாட்டை எழுத்தில் அழுத்துவதற்கு முன் நீங்கள் பேசும்போது சரியாகச் சொல்லுங்கள். 247 எழுத்தையும் அட்டவணையாக எழுத வைக்க அவசரமே இல்லை. 12 உயிரும் 18 மெய்யும் குறிகளும் பிடிபட்டால் 216 உயிர்மெய்யும் தானாக அமையும். ங, ஞ வரிசைகளில் முக்கால்வாசியை நாமே என்றைக்கும் எழுதியதில்லை.

எண்ணுருவுக்கும் இப்படி ஒரு வரிசை உண்டு. 1, 7, 4 முதலில், அப்புறம் 0, 6, 9, அப்புறம் 2, 3, 5, கடைசியில் 8. தொடங்கும் இடம்தான் முக்கியம். பெரும்பாலான எண் மேலிருந்து தொடங்கும், பிள்ளைகள் கீழிருந்து கிளம்பும். தொடங்கும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். 5க்குக் கழுத்து, வயிறு, கடைசியில் தொப்பி. 8ஐ இரண்டு வட்டமாக அடுக்கினால் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். புள்ளிகளை இணைத்து எழுதும் அச்சுத் தாள்களில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பிள்ளை புள்ளிக்குப் புள்ளி தாவுகிறதே தவிர, எழுத்தின் ஓட்டம் கைக்கு வருவதில்லை. தடித்த ஒரே கோடாக நீங்கள் எழுதிக் கொடுத்து, அதன்மேல் ஓட்டச் சொல்வது மேல்.

3, 7, 9 திரும்பி நிற்பது, பெயரே கண்ணாடியில் பார்த்ததுபோல் வருவது, ஏழு வயது வரைகூட இயல்புதான். "தலை எந்தப் பக்கம் பாக்குது?" என்று கேட்டால் பெரும்பாலும் தானே திருத்திக்கொள்ளும்.

நோட்டுக்கு வரும்போது

முதலில் கோடில்லாத தாள், பெரிய எழுத்து. பிறகு எண்ணுக்குக் கட்டம் போட்ட நோட்டு, தமிழுக்கு இரட்டைக்கோடு நோட்டு. கால் தொங்காமல் தரையில் பதியவேண்டும். தரையில் உட்கார்ந்தால் மடியில் குனியாமல், முன்னால் ஒரு சாய்வுப் பலகை. நாலு வயதுக்கு ஐந்து நிமிடம், ஐந்து வயதுக்குப் பத்து நிமிடம் போதும். ஒரு வரியில் எழுதிய ஐந்து 'ப'வில் எது அழகாக இருக்கிறது என்று பிள்ளையையே சுழிக்கச் சொல்லுங்கள். பக்கம் நிறைய எழுதினால் முதல் வரியைவிடக் கடைசி வரி மோசமாகத்தான் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

பீச்சாங்கையால் எழுதும் பிள்ளையைச் சோத்தாங்கைக்கு மாற்றாதீர்கள். தாளின் மேல்பக்கம் வலப்புறமாகச் சாயட்டும், வெளிச்சம் வலப்பக்கமிருந்து வரட்டும், பென்சிலை நுனியில் இருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்கட்டும். அப்போதுதான் எழுதியது கண்ணுக்குத் தெரியும், கையும் மையில் புரளாது. வகுப்பில் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வையுங்கள், முழங்கை இடித்துக்கொள்ளாது.

மூக்கு நோட்டைத் தொடுகிற அளவு குனிந்தால், தலையைச் சாய்த்தே பார்த்தால் முதலில் கண் பரிசோதனை. அழைத்தால் திரும்பாத, ஒலிகளை மாற்றிச் சொல்லும் பிள்ளைக்குக் காதையும் பாருங்கள். ஐந்து வயது தாண்டியும் பொத்தான் போடவோ, வட்டம் வரையவோ, மூன்று பொருளை எடுத்துத் தரவோ வரவில்லை என்றால் குழந்தை நல மருத்துவரிடம் ஒருமுறை பேசிவிடுவது நல்லது.

சரி, பள்ளியில் 50 வரை எழுதச் சொல்கிறார்களே, என்ன செய்வது? பிள்ளை பத்து வரை தானாக எழுதட்டும், மீதிக்குக் குச்சிக் கட்டு வைத்து வாயால் எண்ணட்டும். நோட்டின் கீழே "10 வரை அவளே எழுதினாள், 50 வரை எண்ணிக் காட்டினாள். மீதியை நான் கைபிடித்து எழுதவில்லை" என்று மிஸ்ஸுக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். முதல் தடவை கூப்பிட்டு விசாரிக்கலாம். நேரில் போனால் சண்டை போடாமல், ஒரு கை புளியங்கொட்டையோடு போங்கள். பிள்ளை ஏழு எடுத்துத் தருவதை மிஸ் பார்த்துவிட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். திருத்த வேண்டிய பக்கங்கள் அவர்களுக்கும் குறையும்.